பேனாக் கட்டையில் பிழையின்றித் துளையிடுதல்: கருவிகளைத் தேரும் முறை

கடைசல் வேலையில் கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் மரப்பேனா செய்யத் தொடங்குங்கால், அவருக்கு நஷ்டம் நேருவது பெரும்பாலும் உளி பிடிக்கும் வேளையில் அன்று. அதற்கு முன் கட்டையில் துளையிடும் வேளையிலேயாம். கட்டிற் காலும், பூரிக் கட்டையும், பம்பரமும், சொப்புச் சாமானும் கடைந்து பழகிய கைக்குப் பேனாவின் புறவடிவம் ஒரு பொருட்டன்று. ஆனால் மேற்சொன்ன சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு நீண்ட துளை வேண்டுவதில்லை. பேனாவுக்கோ, விரல் பருமனுள்ள கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில், உள்ளே செல்லும் பித்தளைக் குழாய்க்கு ஏற்ற அளவில், கோணலில்லாத துளை வேண்டும். இத்துளை பிழைத்தால் கட்டையும், அதில் ஒட்டிய குழாயும், அதன்மேற் செய்த கடைசலும் மெருகும் ஒருங்கே வீணாகும்.

இந்நஷ்டத்தைக் கண்ட தொழிலாளி பலர் முதலிற் செய்யும் காரியம், விலை மிகுந்த டிரில் பிட் ஒன்றை வாங்குவதேயாகும். வாங்கிய பின்னும் கட்டைகள் பிளந்துகொண்டே இருக்குமாயின், இத்தொழில் தமக்கு உகந்ததன்று எனக் கைவிடுவதும் உண்டு. துளையின் நேர்மை பிட்டினால் மாத்திரம் உண்டாவதில்லை. உலர்ந்த மரம், அசையாத பிடி, ஆட்டமற்ற யந்திரம், கூரான பிட் என்னும் நான்கும் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பவை. இவற்றுள் எது குறைவோ, துளை அதன் குறையையே காட்டும். ஆகையால் கையிலுள்ள சிறு முதலை எக்கருவிக்கு முன்னும், எக்கருவிக்குப் பின்னும் செலவிடவேண்டும் என்பதை அறிவது, எந்தப் பிட் சிறந்தது என்று அறிவதைக் காட்டிலும் முக்கியமானது. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பேனாக் கட்டையின் அளவுகள்

சிலிம்லைன் என்று வழங்கும் ஒல்லிப் பேனாவே இத்தொழிலிற் புகுவோர் முதலிற் செய்வது. அதில் இரண்டு பித்தளைக் குழாய்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 7 மில்லிமீட்டர் குறுக்களவும், சுமார் 53 மில்லிமீட்டர் நீளமும் உடையது. முக்கால் அங்குலச் சதுரமும் ஐந்து அங்குல நீளமும், அதாவது 19 மில்லிமீட்டர் சதுரமும் சுமார் 125 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கட்டையை இரண்டாக அறுத்து, இரு குழாய்களுக்கும் பயன்படுத்துவது வழக்கம்.

குழாயைக் கட்டைக்குள் ஒட்டிய பின்பு, உலோக முனைகளோடு பொருந்துமாறு மரத்தைக் கடைந்து குறைக்கவேண்டும். முனைகளில் மரத்தின் வெளிக் குறுக்களவு சுமார் 8.4 மில்லிமீட்டராகிவிடும். அதில் குழாய்க்கு உரிய 7 மில்லிமீட்டரைக் கழித்தால் மிஞ்சுவது 1.4 மில்லிமீட்டர். இது இரு பக்கத்துக்கும் பங்காகும்பொழுது, ஒவ்வொரு பக்கத்திலும் எஞ்சும் மரத்தின் கனம் 0.7 மில்லிமீட்டர் மாத்திரமே. ஓர் அட்டையின் கனமேயுள்ள இந்த மரம், குழாயின்மேல் இடைவெளியின்றிப் படிந்திருக்கும் வரையில் உறுதியாக நிற்கும். அதன் அடியில் வெற்றிடம் இருந்தால், உளி படும்பொழுதோ உலோக முனையை அழுத்திச் சொருகும்பொழுதோ வெடித்துவிடும். துளையின் பிழை ஏன் இவ்வளவு நஷ்டத்தைத் தருகிறது என்பது இக்கணக்கினால் விளங்கும்.

2. துளைக்கு வேண்டிய நான்கு குணங்கள்

துளை பிழையற்றது என்று சொல்லும்பொழுது நான்கு வெவ்வேறு குணங்கள் அதில் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாவிட்டால் தவறான கருவிக்குச் செலவு செய்ய நேரும்.

முதலாவது, அளவு. குழாய் விரலால் தள்ளும் அளவுக்கு எளிதிற் செல்லவேண்டும். உள்ளே ஆடவும் கூடாது. பசை பரவுவதற்கு ஒரு தலைமயிரின் கனமளவு இடம் இருந்தாற் போதும்.

இரண்டாவது, நேர்மை. துளை நடுவில் வளைந்திருந்தால் குழாய் பாதியில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய குழாயைச் சுத்தியால் அடித்தால் கட்டை பிளக்கும்.

மூன்றாவது, வெளிவாயின் சுத்தம். பிட் மறுமுனையில் வெளிப்படும்பொழுது மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வருமாயின், அங்கு உண்டாகும் பள்ளம் கடைசலுக்குப் பின் வெளியே தெரியும்.

நான்காவது, மையம். துளை கட்டையின் நட்டநடுவில் இருக்கவேண்டும் என்று எண்ணி, பலர் இதற்கே மிகுந்த சிரமம் எடுத்துக்கொள்கின்றனர். சாதாரண மரத்தில் இது நான்கனுள் கடைசியானது. ஏனெனில், பின்பு கட்டை கடையப்படுவது குழாயை மையமாகக் கொண்டேயாகும். 19 மில்லிமீட்டர்ச் சதுரக் கட்டையில் துளை 2 மில்லிமீட்டர் விலகினாலும், கடைந்தெடுக்கப் போதிய மரம் எஞ்சும். பல நிற மரங்களை ஒட்டிக் கோலம் அமைத்த கட்டைகளிலும், மரத்தின் ரேகை இரு துண்டுகளுக்கும் தொடர்ந்து வரவேண்டிய உயர்ந்த வேலைகளிலும் மாத்திரமே மையம் மிக முக்கியமாகும்.

3. மரத்தின் நிலை

ஈரமான கட்டையில் எந்தக் கருவியாலும் நிலையான துளையை இட முடியாது. மரம் உலரும்பொழுது நீளவாட்டில் அதிகம் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டிலேயே சுருங்கும். அக்குறுக்குவாட்டிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் அதிகம். வளையங்களுக்குக் குறுக்கான திசையில் குறைவு. ஆதலால் இன்று வட்டமாக இட்ட துளை சில வாரங்களில் நீள்வட்டமாகும். உள்ளே பித்தளைக் குழாய் சுருங்காமல் நிற்பதால், மெல்லிய மரம் அதன்மேல் இறுகி வெடிக்கும்.

இதனைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நகை நிறுக்கும் சிறு தராசு ஒன்றினால் கட்டையை வாரந்தோறும் நிறுத்து, அதன்மேலேயே எடையைக் குறித்துவரவேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் அக்கட்டை துளையிடத் தகுந்தது எனக் கொள்ளலாம். மழைக்காலத்தில் உலர்த்திய கட்டையைத் துளையிடுமுன் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பது நலம்.

மரங்களின் குணமும் வேறுபடும். வெப்பாலை போன்ற ஒரே சீரான மரத்தில் பிட் நேராகச் செல்லும். தேக்கில் வளையத்துக்கு வளையம் கடினம் மாறுவதால் பிட் சிறிது விலகக்கூடும். கருங்காலி மிகவும் கடினமானது. விரைவில் சூடேறி மயிரிழை வெடிப்புகள் காணும். பனையும் தென்னையும் இவை யாவற்றினும் கடினமான சோதனையைத் தருபவை. அவற்றின் வைரத்தில், மிருதுவான சோற்றின் இடையிடையே இரும்புக் கம்பி போன்ற கறுத்த நார்கள் ஓடுகின்றன. பிட்டின் முனை நாரில் மோதினால் வழுக்கி மிருதுவான பக்கம் சாயும். ஆகையால் புதிதாகப் பழகுவோர் சீரான மரத்தில் கைபழகிய பின்பே பனையைத் தொடவேண்டும்.

4. யந்திரம்

கயிறு இழுத்துச் சுழற்றும் பழைய கடைசற் பட்டறையில் கட்டை முன்னும் பின்னுமாக மாறிச் சுழலும். டிரில் பிட் ஒரு திசையில் மாத்திரமே வெட்டும் தன்மையது. ஆகையால் அப்பட்டறை இவ்வேலைக்கு உதவாது. ஒரே திசையில் சுழலும் மின்சாரக் கடைசல் இயந்திரமோ, நிமிர்ந்து நிற்கும் துளையிடும் யந்திரமோ வேண்டும். கையில் பிடிக்கும் மின்சாரத் துரப்பணம் நேர்மையைத் தராது.

இரண்டனுள் எது நல்லது என்னும் கேள்விக்கு விடை, தொழிலாளியிடம் ஏற்கெனவே எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசல் இயந்திரம் உள்ளவர் துளைக்கென வேறு யந்திரம் வாங்கவேண்டியதில்லை. அதன் டெயில்ஸ்டாக், அதாவது வலப்பக்கத்து முளைத் தாங்கி, உட்குழிவுடையதாகவும் சக்கரத்தால் முன் தள்ளக் கூடியதாகவும் இருந்தாற் போதும். அக்குழிவில் டிரில் சக் ஒன்றைப் பொருத்தி அதில் பிட்டை அசையாது நிறுத்தி, கட்டையைச் சுழலவிடவேண்டும். இம்முறையில் ஒரு விசேஷ நன்மை உண்டு. பிட் சுழன்று கட்டை நிற்கும்பொழுது, ஒரு முறை விலகிய பிட் அத்திசையிலேயே தொடர்ந்து விலகிச் செல்லும். கட்டை சுழன்று பிட் நிற்கும்பொழுதோ, விலகிய முனையைச் சுழலும் மரம் எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுவதால், துளை தன் அச்சை விட்டு அதிகம் விலகாது.

கடைசல் இயந்திரத்தின் நேர்மையை வாங்குமுன்னரே சோதிக்கவேண்டும். இரு பக்கமும் கூர்முளைகளைப் பொருத்தி, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி, இரு கூர்களும் ஒன்றையொன்று தொடுமாறு செய்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். பின்பு டெயில்ஸ்டாக்கைப் பின்னுக்கு நகர்த்தி, உள்முளையை முழுதும் வெளியே நீட்டி மறுபடியும் பார்க்கவேண்டும். இரு நிலையிலும் கூர்கள் சந்தித்தால் யந்திரம் நேரானது. ஒரு நிலையில் சந்தித்து மற்றொன்றில் விலகினால் முளை சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

நிமிர்ந்த துளையிடும் யந்திரம் உள்ளவர், அதன் மேடை சுழல்தண்டுக்குச் செங்குத்தாக உள்ளதா எனப் பார்க்கவேண்டும். கனமான கம்பி ஒன்றை இருமுறை மடக்கி, ஒரு முனையைச் சக்கில் பூட்டி, மறுமுனை மேடையைச் சற்றே உரசும்படி அமைக்கவேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் சுற்றினால், கம்பியின் முனை முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு பக்கத்திலும் ஒரே அளவில் உரசவேண்டும். ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் அழுந்தியும் இருந்தால் மேடையின் திருகைத் தளர்த்திச் சரிப்படுத்தலாம்.

5. கட்டையைப் பிடிக்கும் கருவி

பலர் சிக்கனம் கருதி விட்டுவிடுவதும், அதிக நஷ்டத்துக்கு ஏதுவாவதும் இக்கருவியே. கட்டை சிறிதேனும் அசைந்தால், எவ்வளவு சிறந்த பிட்டும் வாயகன்ற துளையையே இடும்.

கடைசல் இயந்திரத்தில், நான்கு தாடைச் சக்கில் பூட்டத்தக்க நீண்ட பேனாத் தாடைகள் கிடைக்கின்றன. சாதாரணத் தாடைகள் கட்டையின் நுனியை மாத்திரம் பற்றுவதால் மறுமுனை ஆடும். நீண்ட தாடைகள் கட்டையின் நீளத்திற் பெரும்பகுதியைப் பற்றுவதால் ஆட்டம் நேராது. சதுரக் கட்டையின் நான்கு பக்கமும் சமமாக இழைக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒரு பக்கம் குவிந்திருந்தால் தாடை அதன்மேல் ஊஞ்சலாடும். கோணல் கட்டைகளை முதலில் இரு முளைகளுக்கிடையே உருளையாகக் கடைந்துகொண்டு, பின்பு தாடையில் பூட்டலாம்.

துளையிடும் யந்திரத்தில், இரு தாடைகளும் ஒரே திருகினால் சமமாக நெருங்கிவரும் பேனா வைஸ் ஏற்றது. அதன் தாடைகளில் நெடுக்குவாட்டில் கோணப் பள்ளம் இருப்பதால், சதுரக் கட்டையின் எதிரெதிர் மூலைகள் அதில் அமர்ந்து கட்டை தானே நிமிர்ந்து நிற்கும். வைஸின் அடியை மேடையோடு ஆணி பூட்டி நிறுத்தவேண்டும். கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிடுவதை ஒருபோதும் செய்யலாகாது. பிட் கட்டையில் சிக்கினால் அது கையோடு சுழன்று விரலை ஊனப்படுத்தும்.

6. பிட்டின் வகைகள்

முறுக்குப் பிட்: எல்லா இரும்புக் கடைகளிலும் உலோக வேலைக்கென விற்கப்படுவது. முனையின் கோணம் பெரும்பாலும் 118 பாகை. இதன் நட்டநடுவில் உள்ள சிறு விளிம்பு மரத்தை வெட்டுவதில்லை, நசுக்கிக்கொண்டு முன்செல்லும். ஆகையால் தொடக்கத்தில் வழுக்கும். முதலில் ஒரு பள்ளம் அமைத்துக்கொடுத்தால் இதுவே பேனா வேலைக்குப் போதுமானது. முனை பிளந்த 135 பாகைப் பிட்டில் அந்நடு விளிம்பும் வெட்டும்படி தீட்டப்பட்டிருப்பதால் வழுக்கல் குறைவு. தள்ளவேண்டிய பலமும் குறைவு. சிறிது கூடுதல் விலையே உள்ள இது, புதிதாகத் தொடங்குவோர்க்கு மிகவும் ஏற்றது.

நடுமுள் பிட்: நடுவில் ஒரு கூர்முள்ளும், ஓரங்களில் இரு வெட்டுநுனிகளும் உடையது. பலகையின் முகத்தில் துளையிடுவதற்கென அமைந்தது; அங்கே சுத்தமான வாயைத் தரும். பேனாக் கட்டையில் துளை நாரோட்டத்தின் நெடுக்கே செல்வதால், சில மரங்களில் நடுமுள் நாரைப் பின்பற்றி விலகும். சீரான மரங்களில் நன்றாகவே வேலை செய்யும்.

ஆழத்துளைப் பிட்: இதன் முறுக்குப் பள்ளங்கள் அகலமாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் மரத்தூள் எளிதில் வெளியேறும். நாள்தோறும் பல கட்டைகளைத் துளையிடுபவர்க்கு இதன் விலை ஈடாகும். வாரத்துக்கு ஐந்தாறு பேனா செய்பவர்க்கு இது அவசியமன்று.

தச்சர்கள் கையாளும் தமரும், திருகுமுனையுள்ள மரத் துரப்பணமும் தம்மைத் தாமே உள்ளிழுத்துக்கொண்டு செல்வதால், சிறு கட்டையைப் பிளந்துவிடும். தட்டைப் பிட் கரடுமுரடான துளையைத் தரும். தட்டையான அடியுள்ள ஆழமற்ற குழிகளுக்கென ஏற்பட்ட ஃபார்ஸ்ட்னர் பிட், நீண்ட துளையில் தூளை வெளியேற்ற மாட்டாது. இவற்றைப் பேனா வேலைக்கு வாங்கலாகாது.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணக் கார்பன் எஃகு சூடேறினால் விரைவில் கூர் மழுங்கும். ஹைஸ்பீடு எஃகு அதைவிடப் பன்மடங்கு சூட்டைத் தாங்கும். ஆகையால் ஹைஸ்பீடு எஃகுப் பிட்டையே வாங்கவேண்டும். பொன்னிறப் பூச்சு மேற்பூச்சேயாகும். உள்ளிருக்கும் எஃகு எத்தகையது என்று விசாரித்தறிவது நலம்.

7. பிட்டின் அளவு

7 மில்லிமீட்டர்க் குழாய்க்கு அங்குலக் கணக்குப் பிட்டை வாங்கி ஏமாறுவோர் உளர். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர் ஆகையால் குழாய் நுழையாது. அங்குலத்தில் 32-ல் 9 பாகம் 7.14 மில்லிமீட்டர் ஆகும். அதில் குழாய் ஆடும் வாய்ப்பு உண்டு. 7 மில்லிமீட்டர் என்று பொறித்த பிட்டே முறையானது. வேறு மாதிரிப் பேனாக்களுக்கு 10, 10.5, 12.5 மில்லிமீட்டர் முதலிய அளவுகள் வேண்டியிருக்கும். பல அளவுகள் கொண்ட பெட்டியை ஒரே தடவையில் வாங்குவதைவிட, செய்யப்போகும் பேனாவின் அளவுக்கு ஒரே நல்ல பிட் வாங்குவது சிக்கனம்.

பிட்டின்மேல் பொறித்த எண்ணை மாத்திரம் நம்பாமல், குழாயையும் பிட்டையும் வெர்னியர் காலிப்பரால் அளக்கவேண்டும். அதன் பின்பும், அதே மரத்தின் கழிவுத் துண்டில் ஒரு துளையிட்டு, குழாயை நுழைத்துப் பார்த்த பிறகே நல்ல கட்டையைத் தொடவேண்டும். ஒரே பிட் மிருதுவான மரத்தில் சற்றுத் தளர்வாகவும், கடின மரத்தில் இறுக்கமாகவும் துளையிடுவது உண்டு.

8. துளையிடும் கிரமம்

கட்டையைக் குழாயின் நீளத்துக்குச் சமமாக அறுக்காமல், சுமார் 8 மில்லிமீட்டர் கூடுதலாக அறுக்கவேண்டும். குழாயின் நீளத்தைவிட 3 மில்லிமீட்டர் அதிகமான ஆழத்தைக் கணக்கிட்டு, பிட்டின்மேல் ஒட்டுத்தாள் சுற்றி அடையாளம் செய்துகொள்ளவேண்டும். அந்த அடையாளம் வரையில் மாத்திரம் துளையிட்டு நிறுத்தி, மூடியிருக்கும் மறுமுனையை ரம்பத்தால் அறுத்தெடுத்தால் துளை திறந்துகொள்ளும். பிட் மறுமுனையில் வெளிப்படாததால் மரம் பெயர்வதற்கு இடமே இல்லை. சில மில்லிமீட்டர் மரம் செலவானாலும், ஒரு கட்டை முழுதும் வீணாவது தவிரும்.

முதலில் குட்டையும் பருமனுமான சென்டர் டிரில்லினால் முகப்பில் ஒரு பள்ளம் இடவேண்டும். நீண்ட மெல்லிய பிட் வளையும். குட்டைப் பிட் வளையாது. அப்பள்ளத்தில் 7 மில்லிமீட்டர்ப் பிட்டை அமர்த்தித் தொடங்கினால் அது வழுக்காது. கடைசல் இயந்திரத்தை நிமிஷத்துக்கு 500 முதல் 700 சுற்று வேகத்தில் ஓட்டுவது தகும். 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு முறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் துடைக்கவேண்டும். பள்ளங்களில் தூள் அடைபட்டால் பிட் பக்கவாட்டில் தள்ளப்படும், சூடும் ஏறும். புகையோ கருகல் வாசனையோ வந்தால் உடனே நிறுத்தி, பிட்டையும் கட்டையையும் ஆறவிடவேண்டும்.

பிட்டைப் பின்னிழுக்கும்பொழுது ஓர் எச்சரிக்கை. டிரில் சக்கின் கூம்பு டெயில்ஸ்டாக்கில் அழுத்தத்தினாலேயே நிற்கிறது. பின்னிழுக்கையில் பிட் மரத்தில் சிக்கினால் கூம்பு கழன்று, சக் கட்டையோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். ஆகையால் பின்னிழுக்கும் ஒவ்வொரு தடவையும் சக்கின் உடலை இடக்கையால் இறுகப் பற்றியிருக்கவேண்டும். தளர்ந்த சட்டைக் கையும் மேல்துண்டும் ஆகா. கண்ணாடியும், நுண்தூள் மூக்கிற் செல்லாதபடி முகமூடியும் அணியவேண்டும்.

துளை முடிந்தபின் சூடான கட்டையில் உடனே குழாயை ஒட்டலாகாது. ஓர் இரவு ஆறவிடுவது நலம். குழாயின் மேற்புறத்தை உப்புத்தாளால் உரசிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, திருகிக்கொண்டே நுழைத்தால் பசை எங்கும் பரவும். பசை இறுகியபின், குழாய்க்குள் செல்லும் தண்டும் அதைச் சுற்றி வெட்டும் பற்களும் உடைய முனை சீவியால் கட்டையின் இரு முனைகளையும் குழாயின் விளிம்பு வரை சீவவேண்டும். துளையின் அச்சுக்கு முனை செங்குத்தாக நிற்பது இதனாலேயே ஏற்படும். மூலைமட்டத்தைக் கட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே பயன்படாது. ஏனெனில் துளை கட்டையின் பக்கத்துக்கு முற்றும் இணையாக இருப்பது அரிது.

9. பிழையைக் கண்டறிதல்

துளை பிழைத்தால் உடனே புதுக் கருவி வாங்கப் புறப்படாமல், கழிவுக் கட்டை ஒன்றில் துளையிட்டு, அதை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து உட்புறத்தைப் பார்க்கவேண்டும். துளையின் உருவமே பிழையின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வாய் அகன்றும் உட்புறம் சரியான அளவிலும் இருந்தால், பிட் தொடங்கும்பொழுது ஆடியிருக்கிறது. டெயில்ஸ்டாக் விலகியிருப்பதோ, கட்டை பிடியில் அசைவதோ, தொடக்கப் பள்ளம் இல்லாததோ காரணமாகும்.

முனைக்கு முனை ஒரே அளவாக அகன்றிருந்தால், பிட்டின் இரு வெட்டுவிளிம்புகளும் சமமாக இல்லை. அல்லது பிட் வளைந்திருக்கிறது. இதற்கு எளிய சோதனை, தூள் வெளிவருவதைக் கவனிப்பது. இரு பள்ளங்களிலும் ஒரே அளவில் தூள் வந்தால் விளிம்புகள் சமம். ஒரு பள்ளத்தில் மாத்திரம் வந்தால் ஒரு விளிம்பே வேலை செய்கிறது. இத்தகைய பிட்டைத் தீட்டவேண்டும். புதிது வாங்கவேண்டும் என்பதில்லை.

அளவு சரியாக இருந்தும் துளை போகப்போக ஒரு பக்கம் விலகிச் சென்றால், மழுங்கிய பிட், அவசரமாகத் தள்ளுதல், அடைபட்ட தூள், மாறுபட்ட நாரோட்டம் ஆகியவற்றுள் ஒன்று காரணம். இவற்றுள் முதல் மூன்றையும் செலவின்றியே நீக்கலாம்.

துளையின் சுவர் கறுத்திருந்தால் வேகம் மிகுதி. அல்லது பிட் மழுங்கல்.

ஒரு தடவையில் ஒரு காரணத்தை மாத்திரம் மாற்றிச் சோதிக்கவேண்டும். பிட்டையும் வேகத்தையும் பிடியையும் ஒரே சமயத்தில் மாற்றினால், துளை சரியானாலும் எதனாற் சரியாயிற்று என்பது தெரியாமற் போகும். அடுத்த முறை பிழைக்கும்பொழுது அத்தொழிலாளி மறுபடியும் இருளிலேயே நிற்பார்.

10. செலவின் வரிசை

டெயில்ஸ்டாக் உள்ள கடைசல் இயந்திரம் ஏற்கெனவே உடைய தொழிலாளி, தம் முதலைப் பின்வரும் வரிசையிற் செலவிடுவது உசிதம்.

முதலாவது: வெர்னியர் காலிப்பர், சிறு தராசு. அளவும் உலர்வும் தெரியாமல் மற்ற எதையும் தீர்மானிக்க இயலாது.

இரண்டாவது: டெயில்ஸ்டாக்கின் குழிவுக்கு ஒத்த கூம்புடைய டிரில் சக். குழிவு மோர்ஸ் 1-ஆம் எண்ணா, 2-ஆம் எண்ணா என்பதை அறிந்த பின்பே வாங்கவேண்டும்.

மூன்றாவது: நான்கு தாடைச் சக்குக்கு உரிய நீண்ட பேனாத் தாடைகள்.

நான்காவது: சென்டர் டிரில் ஒன்றும், செய்யும் பேனாவுக்கு உரிய அளவில் ஹைஸ்பீடு எஃகுப் பிட் ஒன்றும். அப்பிட்டை மரத்துக்கே ஒதுக்கிவைத்து, இரும்பில் ஒருபோதும் செலுத்தலாகாது.

ஐந்தாவது: முனை சீவி.

ஆழத்துளைப் பிட்டும் மற்ற விசேஷக் கருவிகளும் ஆறாவதாகவே வரும். அதுவும் விற்ற பேனாக்களின் வருமானத்திலிருந்தே வாங்கத்தக்கவை.

ஓர் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து இத்தொழிலை நடத்துவார்களாயின், பிடிக்கும் கருவியையும் முனை சீவியையும் பொதுவில் வாங்கிக்கொள்ளலாம். பிட்டை மாத்திரம் அவரவர் தனியே வைத்துக்கொள்வது நல்லது. பலர் கைமாறிய பிட் யாரிடம் மழுங்கியது என்பது தெரியாமற் போவதால், அதைத் தீட்டுவார் ஒருவரும் இரார்.

மேலும், துளையிட்ட ஒவ்வொரு கட்டைக்கும் மரத்தின் பெயர், தேதி, பிழையுண்டாயின் அதன் வகை ஆகியவற்றை ஒரு சிறு புத்தகத்தில் குறித்துவருதல் வேண்டும். இருபது முப்பது கட்டைகள் சேர்ந்ததும், நஷ்டம் எங்கே உண்டாகிறது என்பது அக்கணக்கிலேயே தெரியும். அடுத்து வாங்கவேண்டிய கருவி எது என்பதையும், அல்லது எதுவும் வாங்கவேண்டியதில்லை என்பதையும், கடைக்காரரைக் கேளாமலே தொழிலாளி அறிந்துகொள்வார்.